ஏகாம்பரத்தின் அக்காவும் ஏகாம்பரத்தின் மாமியாரும்

போன வாரம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு தொழிற்சாலையில் என் நாற்காலிக்கு வந்த பெண்.

"மேடம், தூக்க மோதிரத்த எந்தத் தலைப்புல போடறது?" என்று கேட்டாள்.

அது என்ன மோதிரம் என்றே எனக்குத் தெரியவில்லை. விரலில் மாட்டிக்கொண்டு படுத்தால், எவ்வளவு நேரம் நன்றாகத் தூங்கினோம் என்று காலையில் போனில் காட்டுமாம். "தூங்குனவனுக்குத் தெரியாதாடி அது?" என்றேன். சிரித்தாள். "அதெல்லாம் இப்ப லிஸ்ட்ல வந்துடுச்சு மேடம். காலுக்குக் காத்து அடிக்கிற பூட்ஸ், தசையைக் குத்தி விடற மிஷின், மூஞ்சிக்கு செவப்பு லைட்டு அடிக்கிற முகமூடி, எல்லாத்தையும் ஹெல்த் அக்கவுண்ட்ல வாங்குறாங்க. நீங்க இருந்தப்ப எத வெச்சு பாஸ் பண்ணீங்க, எத வெச்சு திருப்பி அனுப்புனீங்கன்னு எழுதிக் குடுங்களேன். புதுசா வர்றவங்களுக்கு உதவும்."

சரி என்று வாயைக் கொடுத்துவிட்டேன். பேனாவைத் திறந்து உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. ஓடாததற்குக் காரணம் மறதி இல்லை. அந்தக் கணக்கு எனக்கே முழுசாகப் புரிந்ததில்லை, அதுதான் உண்மை. புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். ஆகவே பிரியா, இது உனக்கு எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முடிவை நீயே எடுத்துக்கொள்.

என் பெயர் கிரேஸ். முசரவாக்கத்தில் பிறந்தவள். அப்பா பிறத்தியார் கழனியில் கூலிக்குப் போனவர். வாலாஜாபாத்தில் டைப்ரைட்டிங் படித்து, ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, அங்கே விடுப்புக் கணக்கும் பி.எஃப். கணக்கும் பார்த்துப் பழகி, ஓரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் இந்தத் தொழிற்சாலை வந்தபோது பணியாளர் நலப் பிரிவுக்கு வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு செவிலிமேட்டில் வீடு. காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். வேலை கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. தப்பாகச் செய்து திட்டு வாங்கியே கற்றேன்.

ஹெல்த் அக்கவுண்ட் வந்தது பின்னால். எங்கள் கம்பெனியின் தாய்க் கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது. அங்கே அப்படி ஒரு வழக்கமாம். சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு முன்னாலேயே ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி வைத்துவிடலாம். வைத்தியத்துக்கு, வீட்டில் வைத்துக் குணமாக்கும் கருவிகளுக்கு, அதிலிருந்து செலவு செய்தால் அந்தப் பகுதிக்கு வரி கிடையாது. மார்ச் மாதத்துக்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கியது போச்சு. இதை நம் நாட்டு வரிச் சட்டத்துக்குள் எப்படி நுழைத்தார்கள் என்பது கணக்குப் பிரிவுக்கே வெளிச்சம்.

கேன்டீனில் எல்லோரையும் கூட்டி இதை விளக்கச் சொன்னார்கள். விளக்கினேன். பிரஸ் ஷாப்பில் வேலை செய்த பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏம்மா, எங்க பணத்த எங்களுக்கே குடுக்கறதுக்கு எதுக்கும்மா டாக்டர் சீட்டு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. "அடுத்த கேள்வி" என்றேன். அதற்கும் பதில் தெரியவில்லை.

முதல் மார்ச் மாதம் வந்ததே பார்க்கணும்! பணம் போய்விடும் என்றதும் ஆளாளுக்கு பி.பி. மிஷின் வாங்கிவிட்டார்கள். ஒரு வீட்டில் அப்பன், மகன், மருமகள் மூன்று பேரும் எங்கள் கம்பெனி. மூன்று பேரும் ஆளுக்கொரு மிஷின் வாங்கிவிட்டார்கள். மூன்றும் மூன்று கணக்குக் காட்டுகிறது, எதை நம்புவது என்று என்னிடம் வந்து கேட்டார்கள். இடுப்பு வலிக்குக் கயிற்றுக் கட்டில் வாங்கிவிட்டு, "டாக்டர்தான் மேடம் சொன்னாரு" என்று பில்லை நீட்டினவர் உண்டு. வெந்நீர்ப் பை பாஸ் ஆகும், வெந்நீர் போடும் ஹீட்டர் ஆகாது. நடக்கப் பிடித்துக்கொள்ளும் வாக்கர் ஆகும், கைத்தடி ஒரு வருடம் ஆனது, அடுத்த வருடம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் மேலே கையைக் காட்டுவேன்.

மேலே என்றால் பாண்டே சார். நிதிப் பிரிவுத் தலைவர். வடக்கே அலகாபாத் பக்கத்துக்காரர். அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது.

என்னிடம் வரும் விண்ணப்பத்தில் நான் பார்க்க வேண்டியவை: டாக்டர் சீட்டில் கருவியின் பெயர் இருக்கிறதா, எத்தனை வாரத்துக்கு, என்ன நோய்க்கு, பில்லில் நோயாளி பெயர் சரியா, நோயாளி பணியாளருக்கு என்ன உறவு. பார்த்துப் பச்சை மையில் சுருக்கக் கையெழுத்தைச் சுழித்து பாண்டே சாரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் ஒரு மர ஸ்கேலை எடுத்து முதல் வரிக்கு அடியில் வைப்பார். அந்த வரியை முணுமுணுவென்று படிப்பார். ஸ்கேலை அடுத்த வரிக்கு இறக்குவார். கம்ப்யூட்டரில் வந்த விண்ணப்பத்தையும் அச்சடித்துக் கொண்டுவரச் சொல்லி இப்படித்தான் படிப்பார். நடுவில் நாம் ஏதாவது சொன்னால் ஸ்கேல் திரும்ப முதல் வரிக்குப் போய்விடும். ஆகவே நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. பிடிக்காததை, "நிக்கட்டும்" என்பார். விருந்தினர் விடுதிச் சமையல்காரரிடம் கற்ற தமிழ் அது. அவர் மேஜையின் இடது ஓரத்தில் நின்றுகொண்டிருந்த விண்ணப்பங்கள் எத்தனையோ. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய மேனேஜர் தன் வீட்டுக்கு மசாஜ் நாற்காலி வாங்கி அனுப்பிய பில்லும் அதே இடது ஓரத்தில்தான் நின்றது. அந்த மரியாதையால்தான் அவரிடம் அத்தனை வருடம் சண்டை போட்டும் வேலை பார்த்தேன்.

இனி ஏகாம்பரம் விஷயத்துக்கு வருகிறேன்.

ஏகாம்பரம் எங்கள் அசெம்பிளி லைனில் மூத்த ஆபரேட்டர். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். அண்ணன் தம்பி கிடையாது, தனலட்சுமி என்று ஓர் அக்கா மட்டும். ஏகாம்பரம் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் போய்விட்டார். அக்காவுக்கும் இவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அக்கா கல்யாணமாகி அடுத்த தெருவுக்குத்தான் போனார். காலையும் மாலையும் வந்து தம்பியைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிவிட்டுப் போவாராம். பிறகு அந்த அக்காவுக்கு ஒரு பெண் பிறந்தது, சித்ரா. சித்ராவுக்குக் கல்யாண வயது வந்ததும் தாய்மாமனுக்கே கொடுத்துவிட்டார்கள். ஆகவே தனலட்சுமி ஏகாம்பரத்துக்கு அக்கா. மாமியாரும் அவர்தான். நம் பக்கத்தில் இதை யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்.

தனலட்சுமி தறி நெய்பவர். வீட்டுக்குள் குழி வெட்டி, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்து நெய்யும் தறி. மிதித்து மிதித்து வலது முட்டி தேய்ந்துபோய், அறுவை செய்து புது மூட்டு வைத்தார்கள். வைத்த மூட்டைச் சில வாரங்களுக்குள் மடக்கி நீட்டிப் பழக்காவிட்டால் கால் கட்டைபோல நின்றுவிடும், அப்புறம் தறிக்குழியில் இறங்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கென்றே ஒரு மிஷின் இருக்கிறது. கட்டிலில் வைத்து, காலை அதன் மேல் கட்டிவிட்டால், மெதுவாக மடக்கும், மெதுவாக நீட்டும். ஊரில் சர்ஜிக்கல் கடைக்காரர் தெரிந்தவர் என்பதால், பணம் கம்பெனிக் கணக்கிலிருந்து வரட்டும் என்று மிஷினை முதலிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார். டாக்டர் சீட்டு, பில், எல்லாம் சுத்தமாக இருந்தன. சுழித்து மேலே அனுப்பினேன்.

நான்காம் நாள் தலைமை அலுவலகத் தணிக்கைக்காரர்களிடமிருந்து கடிதம். தனலட்சுமி என்ற பெண்மணி ஹெல்த் அக்கவுண்டில் ஏகாம்பரத்தின் மாமியார் என்று இருக்கிறார். வருட ஆரம்பத்தில் கொடுத்த வரி உறுதிமொழியில் அதே பெண்மணி, அதே ஆதார் எண், அக்கா என்று இருக்கிறார். ஒருவர் இரண்டு உறவாக இருக்க முடியாது. ஏதோ ஒன்று பொய். பொய் உறுதிமொழி கொடுத்தவர் மேல் நிலையாணைப்படி நடவடிக்கை எடுத்து வாரக் கடைசிக்குள் தெரிவிக்கவும்.

நிலையாணை என்பது தொழிற்சாலையின் ஒழுங்கு விதி. அதன்படி என்றால் வேலை நீக்கம். வடக்கே இருக்கும் எங்கள் இன்னொரு தொழிற்சாலையில் போலி பில் கொடுத்தவர்களை அதே மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஏகாம்பரத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னாய்யா இது? ஒரே ஆள ரெண்டு எடத்துல ரெண்டா எழுதியிருக்க?"

"நான் இன்னா மேடம் பண்ணுவேன்? இதுல அக்கான்னு கட்டமே இல்ல. அதுல மாமியார்னு கட்டமே இல்ல. எதுல எது இருந்துதோ அத போட்டேன். ரெண்டும் நெசந்தான?"

போய்ப் பார்த்தால், ஆண்டவரே, அவர் சொன்னது சரிதான். கம்பெனி விதியில் பெற்றோர் வரலாம், மனைவியின் பெற்றோர் வரலாம், உடன்பிறந்தவர் வரக்கூடாது. வரிக்காரர்கள் விதியில் பெற்றோர் வரலாம், நம்மை நம்பியிருக்கும் உடன்பிறந்தவர் வரலாம், மாமியார் வரக்கூடாது. கம்பெனிக்கு மாமியார் வேண்டும், வரிக்கு அக்கா வேண்டும். ஏகாம்பரம் இரண்டையும் வைத்திருந்தார், ஒரே ஆளாக வைத்திருந்தார். அதுதான் குற்றம்.

பாண்டே சார் ஸ்கேலை வைத்துக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கிரேஸ்ஜி, இந்த லேடி இவனுக்கு அக்காவா, மாமியாரா?"

"ரெண்டும் சார்."

"ரெண்டும் எப்படி? ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும்தான் சார். அக்கா பொண்ணக் கட்டியிருக்காரு."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அக்கா பொண்ணு நம்ம பொண்ணு மாதிரி இல்லையா?" என்றார். குரலில் அதட்டல் இல்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தார். அவர்கள் ஊரில் ஏழு தலைமுறைக்கு அந்தப் பக்கம் போய்ப் பெண் தேடுவார்களாம். "எங்க ஊர்ல தாய்மாமனுக்குத்தான் சார் மொத உரிமை" என்றேன். எங்கள் சபையில் பாஸ்டர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதை நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் விஷயம் இன்னும் எங்கேயோ போகும்.

சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் வரையச் சொன்னார். வரைந்தேன். மேலே அப்பா அம்மா, கீழே தனலட்சுமி, ஏகாம்பரம். தனலட்சுமிக்குக் கீழே சித்ரா. சித்ராவிலிருந்து ஏகாம்பரத்துக்கு ஒரு கோடு. அவர்களுக்கு ஒரு பையன்.

"இந்தப் பையனுக்கு இந்த லேடி யாரு?"

"ஆயா சார். அம்மாவோட அம்மா."

"அப்பாவோட அக்காவும்தானே?"

"ஆமா. அப்ப அத்தை."

பாண்டே சார் எழுந்து வந்து கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினார். "அத்தை பொண்ணு சித்ரா. அப்ப இந்தப் பையனுக்கு அவன் அம்மாவே அத்தை பொண்ணா?"

நான் மார்க்கரை மூடி வைத்துவிட்டேன். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் முறைதான். ஆனால் அந்தப் பலகையின் முன்னால் நின்றபோது எனக்கும் தலை சுற்றியது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருவரும் நின்றோம்.

தலைமை அலுவலகத்தோடு பாண்டே சார் போனில் பேசிப் பேசி ஒரு வழி கொண்டுவந்தார். இதை அவர் கணக்கில் நான் வரவு வைக்கிறேன். வேறு ஆளாக இருந்தால் கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். இரண்டும் உண்மை என்று அங்கே ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளட்டும், மற்றது தவறு என்று கையெழுத்துப் போடட்டும், நடவடிக்கை வேண்டாம் என்றார்கள். மாமியார் என்று வைத்தால் மிஷின் பாஸ் ஆகிவிடும். வரிச் சலுகை போகும், அவ்வளவுதான். 'தனலட்சுமி என் மாமியார். அக்கா என்று நான் கொடுத்த தகவல் தவறானது.' இரண்டே வரி. டைப் செய்தது நான்.

ஏகாம்பரம் அதை பாண்டே சார் அறையில், அவர் முன்னால் வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டார்.

"அக்கா தப்புன்னு எழுதியிருக்குது மேடம்."

"அப்படி இல்லய்யா. நீ குடுத்த தகவல் தப்புன்னு எழுதியிருக்கு."

"நான் குடுத்த தகவல் அக்காதான?"

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "யோவ், இது வெறும் காகிதம். போட்டுட்டுப் போய் வேலையப் பாரு. வேலை போச்சுன்னா உன் பொண்டாட்டி புள்ளைய யாரு பாப்பா?" என்று கத்தினேன்.

"எனக்கு அம்மா மூஞ்சி தெரியாது மேடம். போட்டோகூட இல்ல. அக்கா இல்லன்னு நான் எப்படி கையெழுத்து போடறது? வேலை போவுதுன்னா போவட்டும்."

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. தொட்டதும் ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. அறை முழுக்க ஒரு குரல்: "டேய் ஏகா! துன்னியாடா? காலைல டப்பாவ வெச்சிட்டுப் போய்ட்டியே, அறிவு இருக்குதா உனக்கு?" ஏகாம்பரம் பதறி, "அக்கா, ஆபீஸ்ல இருக்குறேன்கா" என்று சொல்லி அணைத்தார். நாற்பத்தைந்து தாண்டிய மனுஷன், காது வரை சிவந்துபோனார். பாண்டே சாருக்குப் பேச்சு அவ்வளவு வேகமாகப் புரியாது. யார் என்று கேட்டார். "அந்த லேடிதான்" என்றேன். ஸ்கேலை எடுத்தார், வைத்தார். "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம். நான் கேக்கறேன்" என்றார்.

அக்காவிடம் ஏகாம்பரம் இந்த விவகாரம் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு விஷயம் ஏறினால் காஞ்சிபுரம் போய்ச் சேருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். சித்ராவின் காதுக்கு அன்று சாயங்காலமே போய்விட்டது. சித்ரா அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை கம்பெனிக் காரில் பாண்டே சாரும் நானும் ஏகாம்பரமும் போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அந்தம்மா போனில் பேசிய மாதிரி இவர் முன்னாலும் பேசினால் என்ன ஆகும்? அக்கா என்பதுதான் பாண்டே சார் மனதில் பதியும். அல்லது, அவனை வளர்த்தவள் நான், அவன் என் பிள்ளை என்று ஏதாவது சொல்லிவைத்தால்? இரண்டு உறவுக்கே வேலை போகப் பார்க்கிறது, மூன்றாவது வேறு வந்து சேருமே என்று வேர்த்துக்கொட்டியது. முன்கூட்டியே சொல்லிவைக்கலாமா என்றால் அதுவும் தப்பு. விசாரிக்கப் போகிறவர்களில் நானும் ஒருத்தி.

வீட்டின் முன்னறையில் தறி, மேலே துணி போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் கட்டில். தனலட்சுமி மிஷினில் காலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மிஷின் உர்ரென்று காலைத் தூக்கி மடக்கிக்கொண்டிருந்தது. மடங்கும் இடத்தில் அவர் முகம் ஒரு கணம் சுருங்கும், பிறகு சரியாகும். எங்களைக் கண்டதும் எழப் பார்த்தார். கட்டியிருந்ததால் முடியவில்லை. முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டார்.

"வாங்க சார். வாங்கம்மா," என்றார். பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்து, "வாங்க மாப்பிள்ளை," என்றார்.

ஏகாம்பரம் தனக்குப் பின்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

நான் சித்ராவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. நேற்று ஸ்பீக்கரில் கேட்ட குரல்தான் இது என்று நம்பவே முடியவில்லை. அவ்வளவு தணிவாக, அளந்து பேசினார்.

பாண்டே சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, இவர் உங்களுக்கு யார்?"

"எங்க சித்ராவோட வூட்டுக்காரர் சார். எங்க மாப்பிள்ளை."

"தம்பி இல்லையா?"

மிஷின் காலை ஒரு தடவை மடக்கி நீட்டி முடித்தது. "அது அப்போ சார். பொண்ணு குடுத்தப்பறம் மாப்பிள்ளைதான். அவருக்குக் குடுக்க வேண்டிய மரியாதய நாங்க குடுக்கணும் இல்ல?"

பாண்டே சாருக்கு முகம் மலர்ந்தது. இத்தனை நாள் குழப்பத்துக்கு ஒரே பதில் கிடைத்த சந்தோஷம். பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஏகாம்பரத்திடம் நீட்டினார். ஏகாம்பரம் வாங்கவில்லை.

"அக்கா..." என்றார்.

"பெரியவங்க வந்து ஒக்காந்துக்கினு இருக்காங்க. கையெழுத்த போடுங்க மாப்பிள்ளை."

"ஏன்கா இப்டி பேசற?"

"போடுங்க."

அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அந்தம்மா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் தறிக்கட்டையின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வாசலுக்குப் போய், சுவரைப் பார்த்தபடி நின்று அழுதார். வாய்விட்டு அழுதார். சித்ரா தண்ணீர்ச் செம்போடு நடுவில் நின்றாள், யாரிடம் போவது என்று தெரியாமல். தனலட்சுமி அழவில்லை. "சாருக்குத் தண்ணி குடு சித்ரா" என்றார்.

காரில் திரும்பும்போது பாண்டே சார் கேட்டார். "ஏன் அழுதான் கிரேஸ்ஜி? வேலை தப்பிச்சுதே?" எப்படிச் சொல்வது? அந்தம்மா தம்பியைக் கூப்பிட்டு, இவருக்குப் புரிந்த முதல் வார்த்தையே மாப்பிள்ளைதான். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று இவருக்குத் தெரியாதே. நேற்று ஸ்பீக்கரில் வந்த 'டேய் ஏகா'வை அவருக்குப் புரியும்படி சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் தப்பு பண்ணேனா?" என்றார். "தெரியல சார்" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மிஷின் பாஸ் ஆனது. வரி பிடித்துத்தான் கொடுத்தார்கள். வரிக்கு முந்திய கணக்கிலிருந்து வரி பிடித்துக் கொடுத்தது என் காலத்தில் அந்த ஒன்றுதான். அதையும் எந்தத் தலைப்பில் போடுவது என்று கணக்குப் பிரிவில் இரண்டு நாள் சண்டை. தனலட்சுமிக்குக் கால் நன்றாக மடங்கியது. மிஷினைத் தெருவில் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கேஸ் முடிந்தது என்று நானும் மறந்துவிட்டேன்.

நான் ஓய்வு பெறும் வாரத்தில் ஏகாம்பரம் என் மேஜைக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மேடம், அது இன்னும் மாப்பிள்ளைன்னுதான் கூப்புடுது" என்றார்.

"யாரு?"

"அக்கா. வூட்ல யாரும் இல்லாதப்பகூட. போன் பண்ணா, சாப்ட்டீங்களான்னு கேக்குது. நான் உள்ள போனா எழுந்து நிக்குது மேடம். முட்டி ஆபரேஷன் பண்ண பொம்பள, நான் வந்தா எழுந்து நிக்குது. எனக்கு வூட்டுக்குப் போவவே புடிக்கல." கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒருவாட்டி வந்து சொல்லுங்க மேடம். கேஸு முடிஞ்சிடுச்சு, யாரும் வர மாட்டாங்கன்னு. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக அங்கே போனேன். தனலட்சுமி தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிறுத்தினார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேஸை மூடியாச்சு, பணம் கொடுத்தாச்சு, தணிக்கைக்காரர்கள் இனி அந்தப் பக்கமே வரமாட்டார்கள், அவர் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. "பழையபடி கூப்புடுங்கம்மா. அவரு ஏங்கிப் போயிட்டாரு" என்றேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"முடிஞ்சிடுச்சுன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா அவரு கையெழுத்து போட்டுக் குடுத்திருக்குறாரு இல்ல? நான் வூட்ல ஒரு நாள் கூப்ட்டா, இன்னொரு நாள் கடத்தெருவுல வாய்ல வந்துடும். கேக்கறவன் போயி சொல்லுவான். உங்க கம்பெனி எப்ப எதக் கேக்கும்னு யாரு கண்டா? நீங்களே அன்னிக்கு வந்து கேட்டீங்களே."

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அவரு ரிடையர் ஆவட்டும்மா. அன்னிக்கு உங்க கம்பெனி கேட்டாண்டயே வந்து நிக்கறேன். உள்ள இருக்கறவங்க அத்தினி பேருக்கும் கேக்கற மாரி, டேய் ஏகா, வாடா வூட்டுக்குன்னு கூப்புடறேன்."

சொல்லிவிட்டுக் காலை மிதித்து அடுத்த இழையை ஓட்டினார். ஏகாம்பரம் ஐம்பத்தெட்டில் ஓய்வு பெறும்போது அந்தம்மாவுக்கு எழுபத்து மூன்று வயதாகியிருக்கும்.